தகப்பன் பெயர் என்ன?

"தகப்பன் பெயர் என்ன?" என்று கேட்டார் உதவி ஆய்வாளர். கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடி வீட்டின் சாரத்திலிருந்து விழுந்து செத்த இளைஞன் அவன். மேஸ்திரிக்கு அவன் 'பப்லு'. வேலைக்கு வந்து நான்கே நாள். ஆள் அனுப்பிய ஏஜெண்டின் செல்பேசி அணைந்து கிடந்தது. தகரக் கொட்டகையில் உடன் தங்கியவர்கள் ஒடிசாக்காரர்கள். இவன் உத்தரப் பிரதேசம் என்பதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றார். கூட்டம் தலையாட்டியது, கலைந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான்.

சாரத்தைச் சரியாகக் கட்டாதது யார்? இடுப்புக்கு வார் கொடுக்காதது யார்? பதிவேட்டில் பெயர் எழுதாதது யார்? மூன்று கேள்விக்கும் விடை இந்தத் தெருவிலேயே இருந்தது. தலையெழுத்து என்று சொன்ன நொடியில் அந்த மூன்று பேரும் தப்பித்தார்கள். விதியை நம்புகிறவர் சாதுவான மனிதர் என்றுதான் நாம் நினைக்கிறோம். குற்றவாளிக்கு அவரைவிட நல்ல வழக்கறிஞர் கிடைப்பாரா?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு சீட்டு நினைவில் வந்து நின்றது.

1908இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்திலிருந்து ஒருவர் ஒப்பந்தக் கூலியாகப் பிஜித் தீவுக்குப் போனார். அவரைப் போலக் கப்பலேறிய ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சீட்டு இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா எனும் காவல் எல்லை, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு, நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆங்கிலேயனுக்கு அவர்கள் மீது அன்பா? இல்லை. தலைக்கு இவ்வளவு என்று தோட்ட முதலாளி செலவழித்திருந்தான். ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடித்து இழுத்துவர வேண்டும். மாட்டுக்குச் சூடு போடுவதற்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடு கிடையாது.

ஆனால் அந்தச் சீட்டை இன்று எடுத்துப் படித்தால் தகப்பன் பெயர் இருக்கிறது. அடிமை வணிகத்துக்கு அடுத்த படியில் நின்ற ஒரு ஏற்பாடு எழுதி வைத்ததை, சுதந்திர நாட்டின் என் தெரு எழுதி வைக்கவில்லை. இது உங்களைச் சுடவில்லையா? என்னைச் சுட்டது.

பிஜியைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி அழுத பாட்டைத் தமிழ்நாடு பாடியிருக்கிறது. 1879 மே 14 அன்று 'லியோனிடாஸ்' கப்பல் முதல் தொகுதிக் கூலிகளோடு வந்து சேர்ந்தது. 1916 வரை 60,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் போனது. வட ஆர்க்காட்டிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களைச் சேர்த்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் கொடுத்த வேலையை முடித்தால்தான். வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு நிற்காது. வழக்கு, அபராதம், சிறை. பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. தோட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நரகம். செத்த பிறகு வரும் என்று புராணம் பயமுறுத்திய இடத்துக்கு அவர்கள் உயிரோடு, கைநாட்டு வைத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

பஹ்ராயிச்சிலிருந்து போனவரின் பேரன் பெயர் பிரிஜ் லால். 1952இல் பிஜியின் லம்பாசா பகுதியில், தாபியா என்ற கிராமத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கரும்பு விவசாயிகளின் வீட்டில் பிறந்தார். படித்தார். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவர் கையில் எடுத்தது அந்தச் சீட்டுகளை. வட இந்தியாவிலிருந்து பிஜிக்குப் போனவர்களின் 45,439 சீட்டுகள். மாதிரிக்கு ஆயிரம் எடுத்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கலாம், பட்டம் கிடைத்திருக்கும். அவர் அனைத்தையும் எடுத்தார், குறியீடாக மாற்றினார், அந்தக் காலத்துக் கணினியில் ஏற்றினார். எதற்கு இந்த மெனக்கெடல்?

இரண்டு பொய்கள் உலவிக்கொண்டிருந்தன. முதலாளியின் பொய், "விரும்பித்தான் வந்தார்கள்" என்பது. ஊரில் தங்கிவிட்ட கௌரவமானவர்களின் பொய் இன்னொன்று: "போனதெல்லாம் கீழ்சாதிக் கழிசடை, ஒன்றும் தெரியாத மந்தை. எவனோ ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போனான்." முதல் பொய் சுரண்டலை மறைத்தது. இரண்டாவது பொய் மனிதனையே மறைத்தது. சீட்டுகள் என்ன சொல்லின? கிராமத்தில் எத்தனை வகை மனிதர்கள் உண்டோ அத்தனை வகையும் கப்பலில் இருந்தார்கள். பிராமணர் இருந்தார், ராஜபுத்திரர் இருந்தார், உழவர் இருந்தார், தோல் வேலை செய்கிறவர் இருந்தார். அவர்களில் பலர் ஆள்பிடிப்பவன் கண்ணில் படுவதற்கு முன்பே சொந்த மாவட்டத்தை விட்டு வேலை தேடிக் கிளம்பியிருந்தவர்கள். பஸ்தி, கோண்டா, பைசாபாத் மண்ணில் வரி ஏறியது, கடன் ஏறியது, கைத்தொழில் செத்தது. கால்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன.

ஆள்பிடித்தவன் பொய் சொல்லவில்லையா? சொன்னான், நிறையச் சொன்னான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'ஏமாந்தவன்' என்று மட்டும் எழுதினால் அவனுடைய மூளையைப் பிடுங்கிக்கொள்கிறோம். 'விரும்பி வந்தவன்' என்று மட்டும் எழுதினால் அவன் முதுகில் விழுந்த பிரம்பைத் துடைத்து வைத்துவிடுகிறோம். இரண்டையும் செய்யாமல் ஒரு மனிதனைப் பற்றி எழுதுவது கடினம். அந்தக் கடினத்துக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். பரிதாபப்படுவதற்கு ஆய்வாளர் தேவையில்லை, அதை நாமே செய்துகொள்வோம்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்ப வந்தவர்களில் பெரும்பாலோர் கணவனோ குடும்பமோ இல்லாமல் தனியாக வந்தவர்கள் என்று சீட்டுகள் காட்டின. தனியாக வந்த பெண்ணுக்கு அதிகாரியும் பாதிரியும் ஊர்ப் பெரியவரும் ஒரே பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பெயரை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். பிஜித் தோட்டங்களில் தற்கொலைகள் குவிந்தபோது அரசுக் குறிப்புகள் கண்டுபிடித்த காரணம் 'பெண்ணால் வந்த பொறாமை'. செத்தது பெரும்பாலும் ஆண்கள். பழி பெண்கள் மேல். பின்னால் வந்தவர்கள் பலர் அந்தக் குறிப்பை அப்படியே பார்த்து எழுதினார்கள். 1985இல் லால் ஒரு கட்டுரையில் அதை உடைத்துக் கேட்டார்: உறவெல்லாம் அறுந்து, தனிமையில், சவுக்கின் கீழ், முடிவு தெரியாத வேலையில் ஒருவன் உடைந்துபோனால் அதற்குப் பெண்ணின் நடத்தையா காரணம்?

அதே ஆண்டு குந்தியைப் பற்றியும் எழுதினார். கோரக்பூர் மாவட்டத்திலிருந்து போன சமார் சாதிப் பெண் குந்தி. 1912 ஏப்ரலில், ரேவா பகுதித் தோட்டத்தில், மற்றவர்களிடமிருந்து பிரித்து ஒதுக்குப்புறமான வாழைத்தோட்டத்தில் களையெடுக்கத் தனியே விட்டார்கள். ஓவர்சியர் வந்து கையைப் பிடித்தான். உதறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்தாள். ஓடக்காரச் சிறுவன் ஒருவன் இழுத்துக் கரை சேர்த்தான். செய்தி இந்தியப் பத்திரிகையில் வந்து ஊரே கொதித்தது. பிஜி அரசு விசாரித்தது. அவள் சொல்வது பொய் என்று முடிவு கட்டியது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? கற்புக்கரசி என்று தூக்கிப் பிடித்தார்கள். ஒரு தரப்புக்கு அவள் பொய்க்காரி, மறு தரப்புக்கு அவள் இந்தியப் பெண்மையின் சின்னம். அந்தத் தோட்டத்தில் நாளொன்றுக்கு ஒன்பது பென்ஸுக்கு வேலை செய்த ஒரு தொழிலாளியாக அவளைப் பார்க்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. குதிக்காமல் பிழைத்துக் கிடந்த மற்ற பெண்கள் மானமற்றவர்களா? சின்னமாக்கி வணங்குகிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கடல் தாண்டினால் சாதி போய்விடும், அது காலாபாணி, கறுப்புத் தண்ணீர் என்று சாத்திரக்காரர்கள் மிரட்டினார்கள். அவர்கள் சொன்னது நடந்தது! பாய்மரக் கப்பலில் எழுபது நாள், பிறகு வந்த நீராவிக் கப்பலில் முப்பது நாள். ஒரே அடுப்பு, ஒரே தட்டு வரிசை, ஒரே வாந்தி. பிரம்மாவின் முகத்திலும் காலிலும் பிறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். பல நூறாண்டுகளாகத் தெய்வம் காப்பாற்றியதாகச் சொன்ன ஏற்பாட்டுக்கு முப்பது நாள் கடல் பயணத்தைத் தாங்க வலுவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தது: ஜஹாஜி பாய். ஒரே கப்பலில் வந்தவன் உடன்பிறந்தவன். அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட ஒப்பாதவர்கள் இருந்தார்கள், தங்கை முறை என்பதால். எந்த வேதத்தில் எழுதியிருந்தது இந்த முறை? எந்தக் கடவுள் கட்டளையிட்டார்? துன்பத்தைச் சேர்ந்து அனுபவித்த மனிதர்கள், ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று தாங்களே முடிவு செய்தார்கள். மேலே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்று சொல்கிறவர்களை இந்தக் கப்பல் தளத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். இதே மனிதர்கள் தோட்ட லயன்களில் பெண்களை வெட்டியதும் உண்டு. அதையும் லால் மறைக்கவில்லை. நானும் மறைக்கமாட்டேன்.

இப்படி ஒரு ஆளின் வாழ்க்கைப் பணி எங்கே போய் முடிந்தது?

1987இல், லியோனிடாஸ் வந்த அதே மே 14 அன்று, ராணுவ அதிகாரி சிதிவேனி ரபூகா ஆட்சியைக் கவிழ்த்தார். இந்திய வம்சாவளியினர் அதிகம் இருந்த அரசு அது. கிறிஸ்தவ நாடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் விளையாட்டுக்கும் ஆணை போட்டுத் தடை விதித்தார்கள். பாட்டன் கப்பலேறி வந்த நாட்டிலிருந்து பேரன்கள் விமானம் ஏறினார்கள். 1986இல் மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தவர்கள் 2007இல் 37 விழுக்காடு. லால் என்ன செய்தார்? பல்கலைக்கழக அறையில் உட்கார்ந்து இன்னொரு நூல் எழுதியிருக்கலாம். அதோடு நிற்கவில்லை. 1995இல் அமைந்த அரசியல் சட்ட மறுஆய்வுக் குழுவில் மூவரில் ஒருவராக உட்கார்ந்தார். நியூசிலாந்தின் பால் ரீவ்ஸ், பிஜிப் பழங்குடியினரான தொமாசி வகாதோரா மற்ற இருவர். ஊர் ஊராகப் போய் மக்கள் சொன்னதைக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்தது 1997 அரசியல் சட்டம்.

2006இல் இன்னொரு ராணுவக் கவிழ்ப்பு. இம்முறை கவிழ்த்த பைனிமராமா, இனச் சமத்துவம் பேசிக்கொண்டு வந்தார். இந்திய வம்சாவளியினர் பலர் வரவேற்றார்கள், நமக்கு நல்லது செய்ய வந்தவர் என்று. லால் எதிர்த்தார். துப்பாக்கி நம் பக்கம் சாய்ந்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா? உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் சாதிக்கு, நம் மொழிக்கு, நம் கட்சிக்கு ஆதாயமான அநியாயம் ஒன்று நடக்கும்போது கடைசியாக எப்போது வாய் திறந்தோம்? தன் சொந்த மக்களில் பெரும்பகுதி கைதட்டும்போது "இது தவறு" என்று சொல்ல முடிந்தவன்தான் அந்த மக்களைப் பற்றி எழுதத் தகுதி உள்ளவன் என்று நான் நினைக்கிறேன். 2009 நவம்பரில் ஒரு பேட்டி கொடுத்ததற்காக லாலை ராணுவ முகாமுக்கு இழுத்துப் போனார்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போ என்றார்கள். பிறகு மனைவி பத்மாவுக்கும் தடை வந்தது. பிறந்த மண்ணை மறுபடி மிதிக்காமலேயே 2021 டிசம்பர் 25 அன்று பிரிஸ்பேனில் இறந்தார். தடை சாவோடு முடியவில்லை. சாம்பலைக் கொண்டுபோய்த் தாபியாவில் சேர்க்க மனைவியால் முடியவில்லை. 2022 டிசம்பரில் ஆட்சி மாறி, தடையை நீக்கியது யார் தெரியுமா? பிரதமராகத் திரும்பி வந்த அதே ரபூகா. அடுத்த ஆண்டு சாம்பல் ஊர் போய்ச் சேர்ந்தது.

பகுத்தறிவு பேசுகிற எனக்குச் சாம்பல் எங்கே போனால் என்ன? அதில் இருப்பது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும். அதற்கு ஊர் தெரியாது, ஏக்கம் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கோபம் சாம்பலுக்காக அல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்த ஒரு பெண்ணுக்காக. செத்தவனுக்கு ஆன்மா இல்லை என்று சொல்கிறவனுக்குத்தான் உயிரோடிருப்பவரின் அவமானம் இரண்டு மடங்கு வலிக்க வேண்டும். ஏனென்றால் பின்னால் ஈடுகட்ட இன்னொரு உலகம் இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 செப்டம்பர் 14 அன்று நம் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள். கொரோனா ஊரடங்கில் சொந்த ஊருக்குக் கிளம்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். குடும்பங்களுக்கு இழப்பீடு? கணக்கு இல்லாததால் அந்தக் கேள்வி எழவில்லை என்றது. தண்டவாளத்தில் தூங்கிய 16 பேர் மீது ஔரங்காபாத் பக்கம் சரக்கு ரயில் ஏறியது அந்த மே மாதத்தில்தான். வீட்டிலிருந்தபடி செய்தித்தாள்களைத் தேடிய சில ஆய்வாளர்கள், நோயால் அல்லாமல் ஊரடங்கால் நேர்ந்த 900க்கும் மேற்பட்ட சாவுகளைத் தேதியோடும் இடத்தோடும் தொகுத்தார்கள். ஒரு சிலரால் முடிந்தது ஓர் அரசால் முடியாதா? மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளியைப் பதிவு செய்து, புகைப்படத்தோடு கணக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்குச் சட்டம் போட்டது 1979இல். லியோனிடாஸ் கரை சேர்ந்து சரியாக நூறாண்டு கழித்து. சட்டம் இருந்தது, புத்தகம் இல்லை. எழுதாமல் விட்டது மறதி அல்ல. எழுதினால் கொடுக்க வேண்டியிருக்கும்.

புலம்பெயர்வைப் பாடமாக எடுத்துக்கொண்ட இளைஞர்களிடம் ஒன்று கேட்க நினைக்கிறேன். பிறர் வீடு இழந்ததைப் பற்றி எழுதி நீங்கள் வீடு கட்டப்போகிறீர்கள். அதில் தவறில்லை, உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் நீங்கள் நூறு பேரிடம் கேட்டு எழுதிய கட்டுரை அந்த நூறு பேரில் யாருக்காவது திரும்பப் போய்ச் சேர்ந்ததா? அவர்கள் சொன்ன மொழியில்? சீட்டுகளில் கிடைக்காததை எழுத லால் கடைசியில் புள்ளிவிவரத்தையே விட்டு, தாபியாவின் மளிகைக்கடையையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிக் கதைபோல எழுதினார். ஆவணம் இல்லாத ஊருக்குத் தானே ஆவணமானார்.

நம்மிடமும் கேட்கிறேன். பாரதியின் பாட்டுக்குக் கண்கலங்கும் நாம்தான், பஸ்தியிலிருந்தும் கோண்டாவிலிருந்தும் இன்று திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து இறங்குகிறவனை 'வடக்கன்' என்கிறோம். பத்தடிக்கு ஏழடி அறைக்கு மூன்று பேர் என்று அன்று பிஜியில் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த தகரக் கொட்டகையில் இன்று எத்தனை பேர்? எண்ணிப் பார்த்ததுண்டா? "அவர்கள் வந்ததால் நம் ஆட்களுக்குக் கூலி குறைந்தது" என்பீர்கள். குறைத்துக் கொடுப்பவன் யார்? அவன் உங்கள் ஊர்க்காரன், பெரும்பாலும் உங்கள் உறவுக்காரன். அவனிடம் போய்க் கேட்கிற துணிச்சல் இல்லாததால், சாரத்தின் மேல் நிற்பவனைப் பார்த்துக் கத்துகிறோம்.

பப்லுவின் தகப்பன் பெயர் ஆறாம் நாள் தெரிந்தது. ஏஜெண்டுதான் சொன்னான்.

இப்போது எங்கள் தெருவில் இரண்டு கட்டடம் எழும்புகிறது. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், தகப்பன் பெயர், கிராமம், மாவட்டம், வீட்டில் பேச ஒரு செல்பேசி எண், ஆள் அனுப்பியவர் யார், நாள் கூலி எவ்வளவு. மேஸ்திரி முதலில் முறைத்தார், அவர் பெயரையும் எழுதினேன். காவல் நிலையத்தில் எடுக்கும் பட்டியல் சந்தேகத்தின் பேரில் எடுப்பது. இது அப்படி இல்லை என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். வேண்டாம் என்ற இருவரை எழுதவில்லை. ஊருக்குத் திரும்புகிறவர் தன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகலாம். பக்கத்தில் கோடு போட்டபோது அந்தப் பழைய சீட்டைத்தான் பார்த்துப் போட்டேன், ஒரு கட்டம் தவிர. தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த ஓர் இளைஞன், எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, நான் கேட்காமலேயே தன் சாதியைச் சொன்னான். அதற்கு இதில் இடம் இல்லை என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒருமுறை அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு அடுத்தவனைக் கூப்பிட்டான்.